பிள்ளைத்தமிழ் பாடாத இரண்டு மாதங்கள்: குழவிப் பராமரிப்பும் இளைஞர் அறிவும்

1

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசை பிறழாது ஒப்புவிக்க வல்லவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொதுவென்பதும், சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே உரியன என்பதும் அவர்க்கு மனப்பாடம். ஆயின் பிறந்து பத்து நாளான குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை பாலருந்தும், அதனை எவ்வாறு தூக்குதல் வேண்டும், அதற்குக் காய்ச்சல் கண்டால் எத்தனை நேரம் பொறுத்திருக்கலாம் என்று அதே மாணவரிடம் வினவின் விடை கிடைப்பது அரிது. மாணவர் ஆணாயின் அவ்வினாவே தமக்குப் புறம்பானது என்று சிரித்து ஒதுக்கிவிடுவதையும் காணலாம்.

இவ்வறியாமை எங்கிருந்து வந்தது? அது ஆணின் இயற்கையா, தனிமனிதரின் அசிரத்தையா, அன்றிச் சமூக அமைப்பின் விளைவா? இக்கட்டுரை முதலில் இலக்கியச் சான்றுகளையும், அடுத்து நமது சமூக வழக்குகளையும், இறுதியில் அண்மைக்கால ஆய்வுகளையும் துணையாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடைகாண முயல்கிறது. அறிவு உழைப்பிலிருந்து பிறக்கிறது என்பது பொருள்முதல்வாதத்தின் அடிப்படைகளுள் ஒன்று. குழவிப் பராமரிப்பு உழைப்பே என்பதை ஏற்றுக்கொண்டால், அவ்வுழைப்பில் பங்குகொள்ளாதவரிடம் அதுபற்றிய அறிவு இல்லாமற் போவது வியப்பன்று. அப்பங்கு எவ்வாறு அவர் கையினின்றும் நீங்கியது என்பதே ஆராயத்தக்கது.

2

சங்கச் செய்யுள்களில் தந்தையும் குழந்தையும் ஒருங்கே தோன்றும் இடங்கள் சிலவே. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டு அவற்றுள் பெயர்பெற்றது. குறுகுறு நடை நடந்துவந்து, உண்கலத்திற் கையிட்டு, நெய்ச்சோற்றை உடலெங்கும் சிதறிக்கொள்ளும் பிள்ளை அங்கே காட்டப்படுகிறது. அத்தகைய மக்களைப் பெறாதார்க்கு, எத்துணைச் செல்வம் இருப்பினும், வாழ்நாள் பயனற்றது என்பது பாட்டின் கருத்து. அன்பு நிறைந்த காட்சி இது என்பதில் ஐயமில்லை. எனினும் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளியவர் யார், பிள்ளையின் மேனியைக் கழுவியவர் யார் என்ற வினா அங்கே எழவில்லை. பாடியவன் அரசன். அவனுடைய மாளிகையில் அவ்வேலை செவிலியருக்கும் ஏவலருக்கும் உரியது.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் இவ்வாறே அமைகின்றது. குழந்தையின் கை அளைந்த கூழின் சுவை, அதன் உடலைத் தீண்டும் இன்பம், அதன் மழலையைக் கேட்கும் இன்பம் என்பன ஒருபுறம். மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தல் என்னும் தந்தையின் கடமை மறுபுறம். முன்னது நுகர்ச்சி, பின்னது பொதுவாழ்வில் மகனுக்கு இடந்தேடுதல். பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டோ (312) ஈன்று வளர்த்தலைத் தாயின் கடனாகவும், சான்றோனாக்குதலைத் தந்தையின் கடனாகவும், வேல் வடித்துக் கொடுத்தலைக் கொல்லனின் கடனாகவும், நன்னடை நல்குதலை வேந்தனின் கடனாகவும் வகுத்துவிடுகிறது. இங்கே வேலைப்பிரிவினை தெளிவாகப் பேசப்படுகிறது. போர்வீரனை உருவாக்கும் சமூக உற்பத்தியில் தாயும் கொல்லனும் ஒரே வரிசையில் வைக்கப்படுவது ஊன்றி நோக்கத்தக்கது. தந்தையின் பங்கு பிள்ளை வளர்ந்தபின்னரே தொடங்குகின்றது.

ஐங்குறுநூற்று முல்லைப் பகுதியின் செவிலி கூற்றுப் பத்து இதற்குச் சிறிது வேறானது. தலைவனும் தலைவியும் புதல்வனை நடுவிற் கொண்டு கிடக்கும் காட்சியை அங்குக் காண்கிறோம். ஆனால் அதனைக் கண்டு மகிழ்ந்து நற்றாயிடம் சென்று சொல்பவள் செவிலி. தலைவனின் இன்பம்கூட அவ்வீட்டில் உழைப்பவளின் வாய்மொழியாகவே நம்மை வந்தடைகிறது.

3

பக்தி இயக்க காலத்திற் பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று பாடினார். பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு அப்பாசுரங்களே வித்து என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. அவற்றுள் தாலாட்டும் செங்கீரையும் சப்பாணியும் மட்டுமன்றி, பாலுண்ண அழைத்தல், நீராட்டுதல், குழல்வாருதல், காதுகுத்துதல் ஆகிய அன்றாட வேலைகளும் இடம்பெறுகின்றன. தொட்டிலிலிட்டால் அது கிழியும்படி உதைக்கிறான், எடுத்தால் இடுப்பை முறிக்கிறான், நான் மெலிந்துபோனேன் என்று தாயொருத்தி மற்றொருத்தியிடம் முறையிடும் பாசுரமும் உண்டு. பெண்கள் தம்முட் பேசிக்கொள்ளும் களைப்பின் மொழியை ஆண் கவிஞர் ஒருவர் செவிமடுத்திருக்கிறார் என்பதற்கு இது சான்று. மக்களின் பேச்சும் பாட்டும் கோயிலுக்குள் நுழைந்த காலத்தின் குணமும் இதுவேயாம்.

பின்னர் நிகழ்ந்தது யாது? இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ்களுள் முந்தியதாகக் கொள்ளப்படும் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பாட்டுடைத் தலைவன் அரசனாகிறான். பிற்காலத்திற் தெய்வமும் மடத்துக் குரவரும் அவ்விடத்தைப் பெறுகின்றனர். பாட்டியல் நூல்கள் இவ்விலக்கியத்துக்கு இலக்கணம் வகுத்தன. அவற்றிடையே சிறு வேறுபாடுகள் உண்டெனினும், மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்களுக்கு ஒரு பருவம் என்பது பெருவழக்கு.

இந்த அட்டவணை வெறுங்கற்பனையன்று. ஐந்தாம் மாதத்தளவிற் குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்துவதும், ஒன்பதாம் மாதத்தளவிற் கைகொட்டுவதும், ஓராண்டு நிறைந்ததையடுத்துத் தளர்நடை பயில்வதும் இன்றைய குழந்தை மருத்துவமும் ஏற்கும் உண்மைகள். பரம்பரை பரம்பரையாகப் பெண்கள் கண்டறிந்து வைத்திருந்த அறிவை ஆண் புலவர் யாப்பில் அடைத்துக்கொண்டனர் எனலாம். துறவியாகிய குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாட முடிந்தமைக்கு இம்மரபே துணைநின்றது. ஆயின் மரபு எதனை ஏற்றது, எதனை விலக்கியது என்பதே நமது வினா.

பெரியாழ்வாரிடத்துக் காணப்பட்ட பாலூட்டலும் குழல்வாருதலும் பருவங்களாக அமையவில்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழின் நீராடற் பருவமும் வளர்ந்த சிறுமியின் புனல்விளையாட்டே. குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையன்று. அதனினும் முக்கியமானது, இலக்கணம் மூன்றாந் திங்களிலேயே தொடங்குகிறது என்பது. முதலிரண்டு திங்களுக்குப் பருவம் இல்லை. இரவும் பகலும் வேறுபாடின்றி விழித்திருக்க வேண்டிய காலம், கழுத்து நில்லாத குழந்தையை ஒவ்வொரு முறையும் தாங்கித் தூக்க வேண்டிய காலம், உயிராபத்து மிகுந்த காலம் அது. காட்சியின்பம் மிகக் குறைவாகவும் உழைப்பு மிக அதிகமாகவும் உள்ள அவ்விரண்டு மாதங்களையும் இலக்கியம் பாடாது விட்டது. பிள்ளைத்தமிழ் பாடுவோர்க்கு அம்புலிப் பருவமே மிகக் கடினமானது என்பர். சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் நிலவை அழைக்க வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். சொல்வன்மையின் சிக்கலே புலவர்க்குச் சிக்கலாகத் தோன்றியது.

4

இலக்கியம் விட்டதைச் சமூகமும் விட்டது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் மகப்பேற்றின்பின் 31ஆம் நாள் துடக்குக் கழிவு நிகழும். அதுவரை தாயும் சேயும் தனி அறையில் இருப்பர். மருத்துவிச்சி, பேத்தியார், மாமி, பெரியம்மா என அனுபவம் வாய்ந்த பெண்களே உட்சென்று வருவர். பத்தியக் கறி, காயம், வேது, குளிப்பாட்டல் யாவும் அவர்கள் கையில். இளந்தந்தை வாசலில் நின்று எட்டிப்பார்த்து, கடைக்குப் போய் வேண்டியன வாங்கிவரும் ஒருவனாகவே இருந்தான். களைத்த தாய்க்கு ஓய்வளித்தமை இவ்வழக்கத்தின் நற்பயன் என்பதை மறுத்தல் ஆகாது. எனினும், பிள்ளைத்தமிழ் பாடாத அதே நாட்களில் தந்தைக்குக் கதவடைத்ததும் இவ்வழக்கமே. தாலாட்டுப் பாடல்களிலும் இளைஞன் பெரும்பாலும் தாய்மாமனாகவே தோன்றுகிறான். வெள்ளியும் பொன்னும் பட்டுங் கொண்டுவருபவன் அவன். அவன் பொருள் தருகிறான், கை தருவதில்லை.

இதனைப் பொதுமைப்படுத்தும்போது வர்க்க வேறுபாட்டை மறந்துவிடலாகாது. தாய் கூலிக்கோ மீன் விற்கவோ செல்லும் வீடுகளில் எட்டுப் பத்து வயதுப் பையனும் தங்கையை இடுப்பிற் சுமக்கிறான், ஏணையை ஆட்டுகிறான், அழுகையின் வேறுபாட்டைக் கொண்டு பசியா, ஈரத் துணியா என அறிகிறான். உத்தியோக வர்க்கத்து வீட்டில் அவ்வயதுப் பையனுக்குப் புத்தகமே உலகம். ஆயின் முன்னவனும் மீசை அரும்பியதும், ‘ஆம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை’ என்ற சொல்லினால் அவ்வேலையினின்றும் விலக்கப்படுகிறான். கையிலிருந்த அறிவு பத்தாண்டில் மறந்துபோகிறது. எனவே இளைஞரின் அறியாமை பிறவியிலேயே அமைந்ததன்று. பலரிடத்து அது பின்னர் கற்பிக்கப்பட்டதாகும்.

மலையகத் தோட்டங்கள் மற்றொரு பாடத்தைத் தருகின்றன. கொழுந்து பறிக்கும் தாயின் உழைப்பைத் தடையின்றிப் பெறுவதற்காகவே தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைக்காம்பராக்களை அமைத்தன. அங்கும் பிள்ளை பார்ப்பவர் பெண்ணே. ஆண்களுக்குக் கொடுக்கப்படும் கணக்கு வேலை பல தோட்டங்களிற் பிற்பகலின் தொடக்கத்திலேயே முடிந்துவிட, பெண்கள் மாலைவரை மலையில் நின்றனர். இவ்வாறு கிடைத்த ஓய்வு நேரம் ஆண்களைக் குழந்தையிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை என்பதைத் தோட்ட வாழ்வை அறிந்தோர் அறிவர். நேரமின்மை மட்டுமே காரணம் என்னும் எளிய வாதம் இங்கே நிலைபெறாது. பொருளாதார அடித்தளத்தோடு, அதன்மேல் எழுந்து தனக்கென ஓர் ஆற்றலைப் பெற்றுவிட்ட கருத்துநிலையையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

அரசின் பங்கும் நோக்கத்தக்கது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டதன்பின் நாடெங்கும் பரவிய மருத்துவமாதர் சேவை, இலவச வைத்தியம், பெண்கல்வி ஆகியன பெரும் பயன் விளைத்தன. 1946இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. வீடு தேடிவந்த குடும்பநல மருத்துவமாது பேசியது தாயிடம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டமும் தாயைப் பற்றியே பேசிற்று. அரச ஊழியரான தந்தைக்கு வழங்கப்பட்டுவந்த விடுமுறை மூன்று வேலைநாட்களே. மூன்று நாளில் ஒருவன் கற்கக்கூடியது யாது?

5

ஆணின் இயல்பே இதுவென வாதிப்போர் உளர். மானிடவியல் அதனை ஆதரிக்கவில்லை. மத்திய ஆபிரிக்காவின் காடுகளில் வாழும் அக்கா மக்களை ஆராய்ந்த பரி ஹியூலெற், 1991இல் வெளியிட்ட நூலில், அங்குத் தந்தையர் ஒரு நாளில் ஏறக்குறைய 47 சதவீத நேரம் தம் குழவியரைக் கையில் வைத்திருக்கின்றனர் அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனர் எனக் காட்டினார். அம்மக்களிடையே வலைவேட்டையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஈடுபடுகின்றனர். உற்பத்தியில் நிலவும் கூட்டுறவு பராமரிப்பிலும் தொடர்வதை இங்கே காண்கிறோம். பிலிப்பைன்சின் சிபூ நகர் இளைஞரைப் பல்லாண்டு தொடர்ந்து அவதானித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னொன்று. தந்தையரானவர்களின் உடலிற் டெஸ்ரஸ்ரரோன் என்னும் சுரப்பு குறைந்ததையும், நாள்தோறும் மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் பிள்ளையைப் பராமரித்தோரிடத்து அது மிகவுங் குறைந்திருந்ததையும் அது கண்டது. செய்யும் தொழிலுக்கேற்ப உடலும் இயைகிறது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்னும் மருத்துவர் தொடங்கிய கங்காருப் பராமரிப்பு முறையும் நினைவுகூரத்தக்கது. நிறைகுறைந்த குழந்தையை வெறும் மார்போடு அணைத்து வெப்பமளிக்கும் இம்முறையைத் தந்தையும் மேற்கொள்ளலாம். பாலூட்டல் ஒன்றைத் தவிர ஆண்மகனால் இயலாத பராமரிப்பு வேலை எதுவுமில்லை.

6

இவ்விடத்தில் ஒரு சுயவிமர்சனம் அவசியமாகிறது. கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதையும் பிள்ளைத்தமிழுக்கு ஒதுக்கிய இக்கட்டுரையாசிரியன், தன் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் இரவு அவளுடல் சுடுவதைக் கண்டு, விடிந்தபின் பார்க்கலாம் என்றான். மீன் விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்த அயல்வீட்டு அம்மா வந்து தொட்டுப் பார்த்து, ‘விடியுமட்டும் வைச்சிருக்கேலாது தம்பி, இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ’ என்றார். குருதியிற் கிருமித்தொற்று என்றனர் வைத்தியர். விடியும்வரை தாமதித்திருப்பின் பிள்ளை தப்பியிருத்தல் அரிது என்றும் கூறினர். அன்று உயிர் காத்தது எழுத்தறிவு குறைந்த ஓர் உழைக்கும் பெண்ணின் அறிவு. அவ்வறிவு ஏன் அவரிடமே இருந்தது, ஏன் என்னிடம் இருக்கவில்லை என்ற கேள்வியே இக்கட்டுரையின் பிறப்பிடம்.

எனவே முதலிரண்டு மாதங்களைப் பற்றி இளைஞர் அறியவேண்டியன சிலவற்றை இங்கே தொகுத்துரைத்தல் பொருந்தும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பாலருந்தும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டியதில்லை. தேனும் உரைமருந்தும் ஊட்டும் பழைய வழக்கம் தீங்கு பயக்கும். முதல் வாரத்தின்பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பின் பால் போதுமென அறியலாம். தூக்கும்போது தலையையும் கழுத்தையும் கையால் தாங்குதல் வேண்டும். மல்லாந்து கிடத்தியே உறங்கவைத்தல் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இவ்வறிவுரை மேலைநாடுகளிற் பரவியபின் உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பெரிதுங் குறைந்தன. கொப்பூழ்க்கொடியின் அடி உலர்ந்தும் துப்புரவாயும் இருத்தல் வேண்டும். அழுகை ஆறாம் வாரமளவில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதத்திற் தணியும். அது தாயின் குறையோ பிள்ளையின் பிடிவாதமோ அன்று. பொறுமையிழந்து குழந்தையைக் குலுக்கினால் மூளையிற் குருதி கசிந்து உயிரே போகலாம். குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சிறிது விலகி நின்று மனத்தை ஆற்றிக்கொள்ளுதல் நன்று.

வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டிய குறிகளும் உள. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழாத சோர்வு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, வலிப்பு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் நிறம், கொப்பூழைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் காணின் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. இவ்வறிவைப் பெறப் பட்டம் வேண்டியதில்லை.

7

இடதுசாரி இயக்கமும் இப்பிரச்சினையை முழுமையாக அணுகியதாகச் சொல்லமுடியாது. குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை 1884இல் ஏங்கெல்ஸ் விளக்கினார். வீட்டு வேலை பெண்ணை நசுக்குகிறது என லெனின் 1919இல் எழுதினார். பொதுச் சமையலறையும் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும் அதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டன. அவை மாபெரும் முன்னேற்றமே. ஆனால் சோவியத் நாட்டின் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களிற் பணியாற்றியோர் பெரும்பாலும் பெண்களே. வேலை வீட்டிலிருந்து பொதுநிலையத்துக்கு இடம்மாறியது. பெண் கையிலிருந்து ஆண் கைக்கு மாறவில்லை. சுவீடன் 1974இல் பெற்றோர் இருவர்க்கும் பொதுவான விடுமுறையை ஏற்படுத்தியபோதும் அதனை மிகப் பெரும்பாலும் தாய்மாரே எடுத்தனர். தந்தைக்கெனவே ஒரு பகுதியை நோர்வே 1993இலும் சுவீடன் 1995இலும் ஒதுக்கியபின்னரே தந்தையர் கணிசமாகப் பங்குகொள்ளத் தொடங்கினர். மனமாற்றத்துக்கு நடைமுறை ஏற்பாடு முந்துகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. தந்தையர்க்கெனப் போதிய விடுமுறை கோருவதை நமது தொழிற்சங்கங்களும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக்குதல் வேண்டும்.

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவர் பலர் இன்னும் சில ஆண்டுகளிற் தந்தையராகப் போகின்றவர்கள். அவர்களுட் சிலர் விடுமுறையில் ஊர்சென்று தாலாட்டுப் பாடல்களைத் தொகுத்து வருகின்றனர், அது பாராட்டத்தக்கது. பாட்டைப் பதிவு செய்யும்போது, அதனைப் பாடிய மூதாட்டி பிள்ளையை எவ்வாறு பிடித்துக் குளிப்பாட்டினார், இரவில் எத்தனை முறை எழுந்தார், எந்நோயைக் கண்டு அஞ்சினார், அவ்வேளை வீட்டு ஆண்கள் எங்கிருந்தனர் என்பனவற்றையும் கேட்டெழுதுதல் வேண்டும். இலக்கணம் விட்டுவிட்ட இரண்டு மாதங்களின் வரலாறு அவ்விடைகளிலேயே உண்டு. சங்கத்தின் கூட்டமொன்றுக்குப் பிரதேசத்துக் குடும்பநல மருத்துவமாது ஒருவரை அழைத்து ஆண் மாணவர்க்கு விரிவுரையாற்றச் செய்வதும் நமது சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அக்கூட்டத்தில் முதல் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க இக்கட்டுரையாசிரியனும் ஆயத்தமாயிருக்கிறான்.